இங்க்கோடு ‘ஃப்ரீயாக’ வரும் கஸ்டம் புரொஃபைல்: வாங்கும் முன் படித்துவிடுங்கள்

ஈக்கோ சால்வென்ட் மெஷின் (வினைல், பேனர் அடிக்கும் பெரிய இங்க்ஜெட் பிரிண்டர்) வைத்திருப்பவர்கள், அதிலும் ஒரிஜினல் இங்க்கிலிருந்து வெளி இங்க்குக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வெறும் மட்டமான இங்க் விவகாரம் என்றால் எழுதியிருக்கவே மாட்டேன், அது எல்லோருக்கும் நடப்பதுதான். எங்களிடம் நடந்தது வேறு. மட்ட இங்க்கை மறைக்க ஒரு போலிப் புரொஃபைல் (எந்த நிறத்துக்கு எந்த இங்க் எவ்வளவு விழ வேண்டும் என்று சொல்லும் கோப்பு), அந்தப் புரொஃபைல் வேலை செய்யாததை மறைக்க ‘ஹெட் (இங்க்கைத் தெளிக்கும் பாகம்) போச்சு’ என்று ஒரு கதை. அதையும் நம்பியிருந்தால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஹெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஹெட்டுக்குப் பணம் கட்டியிருப்போம்.

விற்றவரின் பெயரைப் போடவில்லை. பாட்டிலில் உள்ள பிராண்ட் பெயர் அடுத்த சரக்குக்கு மாறிவிடும், பெயரைச் சொல்லிப் பயனில்லை. பேச்சு மட்டும் அதேதான் இருக்கும் என்பதால் பேச்சை எழுதுகிறேன்.

“சார், ரெண்டும் ஒரே கெமிஸ்ட்ரி. ஃப்ளஷ்கூடப் பண்ண வேணாம், இருக்கிறது மேலேயே ஊத்துங்க. கலர் கொஞ்சம் முன்னப்பின்ன வந்தா உங்க மெஷினுக்குன்னே புரொஃபைல் போட்டுத் தர்றோம், அது ஃப்ரீ.”

ஃப்ளஷ் என்றால் லைனில் இருக்கும் பழைய இங்க்கை வெளியேற்றிக் கழுவுவது. அதைச் செய்யாமலே ஊற்றினோம். முதலில் அடித்த வேலைகள் அருமையாக வந்தன. வராமல் என்ன செய்யும்? டியூபிலும், டாம்பரிலும் (ஹெட்டுக்கு முன் இங்க்கை வடிகட்டும் சிறு டப்பா), சப் டேங்கிலும் பழைய இங்க் நிறைந்திருக்கிறது, அது தீரும்வரை மெஷின் அடிப்பது பழைய இங்க்கில்தான். ‘ஆரம்பத்துல நல்லாத்தானே சார் வந்துச்சு, இப்ப உங்க மெஷின்லதான் ஏதோ’ என்று பின்னால் சொல்வதற்கு இது அவர்களுக்கு வசதி. அப்படியே சொல்லவும் செய்தார்கள்.

கோளாறு முதலில் தெரிந்தது சாம்பல் நிறத்தில். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சரியாகச் சமன்பட்டால்தான் சாம்பல் சாம்பலாக இருக்கும். ஒன்று வலுவிழந்தாலும் மற்றவை ஏறி நிற்கும். எங்களுக்கு ரோஸ் அடித்தது. அடுத்து, வெளிர்க் கருப்புகள் பழுப்பாகத் தெரிய ஆரம்பித்தன. பெரிய விளம்பரம் ஒன்றை இரண்டு பேனலாக அடித்து ஒட்டினால், முதல் பேனல் பழைய இங்க்கின் மிச்சம், இரண்டாவது புது இங்க். ஜாயின்ட் எங்கே என்று தூரத்தில் நின்றே காட்டலாம்.

போன் போட்டோம். இங்க்கைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. “புரொஃபைல்தான் சார் பிரச்சனை. ஒரு சார்ட் அனுப்புறேன், கிளாஸி வினைல்ல ஒண்ணு, மேட்ல ஒண்ணு அடிச்சு, வெளிச்சத்துல வெச்சு போட்டோ எடுத்து வாட்ஸாப்ல போடுங்க.”

இந்த வரியைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போனில் எடுத்த படத்தை வைத்து பிரிண்டர் புரொஃபைல் போட முடியாது. போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப வெள்ளையைத் தானே மாற்றிக்கொள்ளும், கான்ட்ராஸ்டைக் கூட்டும், நிறத்துக்கு மெருகேற்றும், கடைசியில் வாட்ஸாப் வேறு படத்தைச் சுருக்கும். புரொஃபைலுக்கு வேண்டியது ஸ்பெக்ட்ரோ அளவு. அந்தக் கருவி தன் சொந்த விளக்கை சார்ட்டில் உள்ள ஒவ்வொரு நிறக் கட்டத்தின் மேலும் அடித்து, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று அளந்து, டி50 என்ற தர வெளிச்சத்தின் கணக்கில் லேப் எண்ணாக (ஒரு நிறத்தைக் குறிக்கும் மூன்று எண்கள்) மாற்றும். ஒழுங்காகச் செய்பவர்கள் பயன்படுத்தும் சார்ட்டுகளில் ஐடி8.7/4 என்பதில் மட்டும் 1,617 கட்டங்கள் இருக்கின்றன, இசிஐ2002-இல் 1,485. அதைவிடக் குறைந்த கட்டங்களிலும் உருப்படியான புரொஃபைல் வரும், மறுக்கவில்லை. எங்களுக்கு வந்ததோ ஒரே பக்கத்தில் அடங்கிய அழகுக் கட்டங்களும், நடுவில் ஒரு பழக்கூடைப் படமும்.

ஆனாலும் போட்டோ அனுப்பினோம். எங்கள் கடைப் பெயர் போட்டு, ‘கிளாஸி’, ‘மேட்’ என்று பிரித்து இரண்டு ஐசிசி கோப்புகள் (புரொஃபைல் இந்தக் கோப்பு வகையில்தான் வரும்) வந்தன. ரிப்பில் (படத்தை மெஷினுக்கு ஏற்ப மாற்றி அனுப்பும் மென்பொருள்) ஏற்றி அடித்தால் ரோஸ் போய்ப் பச்சை வந்தது. “செட் ஆக டைம் எடுக்கும் சார்” என்றார்கள். புரொஃபைல் என்பது ஒரு கணக்கு அட்டவணை. அது செட் ஆவதற்கு என்ன இருக்கிறது?

பிடிபட்டது ஃபோட்டோஷாப்பில். திரையிலேயே பிரிண்ட் எப்படி வரும் என்று பார்க்க இரண்டு கோப்புகளையும் இன்ஸ்டால் செய்துவிட்டுப் பட்டியலில் தேடினால் எங்கள் கடைப் பெயரையே காணோம். அதற்குப் பதில் நாங்கள் வாங்கியே இராத ஒரு பிரிண்டரின் பெயரும், பேனர் மெட்டீரியல் என்ற குறிப்பும் சேர்ந்து ஒரே ஒரு வரி. இரண்டு கோப்பு போட்டு ஒரு வரி. காரணம் எளிது: ஃபோட்டோஷாப் அந்தப் பட்டியலில் கோப்பின் பெயரைக் காட்டாது, கோப்புக்குள்ளே எழுதியிருக்கும் பெயரைத்தான் காட்டும். வெளியே ரீநேம் செய்தால் உள்ளே மாறாது. இரண்டு கோப்புக்கும் உட்பெயர் ஒன்றே என்பதால் ஒரு வரியாகத் தெரிந்தது.

அதற்கு மேல் தோண்டினோம். ஐசிசி கோப்பு எதுவாக இருந்தாலும் முதல் 128 பைட் ஹெடர், அதில் உருவாக்கிய தேதி, நேரம் பதிவாகியிருக்கும். மேக் வைத்திருப்பவர்கள் கலர்சிங்க் யூடிலிட்டியில் திறந்தாலே பார்த்துவிடலாம். மற்றவர்களுக்கு ஆர்கைல் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருளோடு வரும் ஐசிசிடம்ப் போதும். ‘உங்க சார்ட்டைப் பார்த்துப் போட்டது’ என்று வந்த கோப்பின் தேதி, நாங்கள் அந்த மெஷினை வாங்குவதற்கும் முந்தையது. கிளாஸி, மேட் இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு பைட்கூட வித்தியாசம் இல்லை. மீடியாவின் வெள்ளை எவ்வளவு என்று பதிவாகும் ஒரு இடம் உள்ளே உண்டு. பளபளப்பான வினைலுக்கும் மேட் வினைலுக்கும் கடைசி தசமம்வரை ஒரே வெள்ளையா? அளந்திருந்தால் அப்படி வரவே வராது.

அதைக் கேட்டதும் பேச்சு அப்படியே திரும்பியது. “புரொஃபைல் விஷயம் விடுங்க சார். எனக்கு என்னமோ ஹெட்டுதான் வீக் ஆயிடுச்சுன்னு தோணுது. நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், அனுப்புறேன்.”

வந்த பையன், பாவம், அவனைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லி அனுப்பியதைச் சொன்னான். மெஷினைத் திறந்ததும் “ஹெட்டு மாத்தணும்ணே” என்றான். நாசில் செக் (ஹெட்டின் ஒவ்வொரு துளையும் இங்க் விடுகிறதா என்று கோடு அடித்துப் பார்ப்பது) எடுத்தாயா தம்பி என்று கேட்டால், “அதுல தெரியாதுண்ணே” என்கிறான். நாங்களே எடுத்தோம். எல்லா நிறத்திலும் கோடுகள் முழுசாக, நேராக, ஒன்றுகூட விடுபடாமல் வந்தன.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹெட் விலையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நாசில் செக்கில் கோடு விடுபட்டு, கிளீனிங் கொடுத்த பிறகும் அதே இடத்திலேயே விடுபட்டால், அந்த நாசில் அடைத்திருக்கலாம் அல்லது எலக்ட்ரிகலாகப் போயிருக்கலாம், ஹெட்டைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் விடுபடும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் லைனில் காற்று, இல்லையென்றால் ஹெட்டை மூடும் கேப்பிங் சரியாக உட்காரவில்லை, பம்ப் இழுக்கவில்லை. நாசில் செக் சுத்தமாக வந்து, பெரிய சாலிட் (இடைவெளியில்லாத ஒரே நிறப் பரப்பு) அடிக்கும்போது மட்டும் போகப்போக நிறம் வெளிறினால் அது சப்ளைக் குறைவு. ஹெட் கேட்கும் வேகத்துக்கு இங்க் வந்து சேரவில்லை. எங்களுக்கு இருந்தது இந்த மூன்றாவது. சயான் சாலிட் ரோலின் அகலத்துக்கு அடித்தால் தொடக்கத்தில் ஓரளவு நீலமாகவும் அரை மீட்டர் தாண்டினால் வெளிறியும் போனது. நாசில் செக் என்பது துளி மை, அதில் இது தெரியாதுதான். ஆனால் அதற்காக ஹெட்டை மாற்றினால் புது ஹெட்டும் அதே போலத்தான் பட்டினி கிடக்கும்.

சயான் டாம்பரைக் கழற்றினோம். உள்ளே இருக்கும் வலையில் கூழாக ஒரு படலம். டிஷ்யூவில் துடைத்தால் இங்க் மாதிரி ஊறிப் பரவவில்லை, மாவு மாதிரி அப்படியே நின்றது. பழைய இங்க்கும் புது இங்க்கும் சேர்ந்த இடத்தில் பிக்மென்ட் (இங்க்கில் மிதக்கும் நிறத் துகள்) திரண்டுவிட்டது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் பிக்மென்ட் தனித்தனியாக மிதக்க வேறு வேறு பொருளைச் சேர்ப்பார்கள், இரண்டு கலந்தால் அந்தப் பிடிமானம் போகலாம். ‘ஃப்ளஷ் வேண்டாம்’ என்றது எவ்வளவு பெரிய பொய் என்று அந்த டிஷ்யூவைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பிறகு பாட்டில். சில பாட்டில்களில் லேபிள் முழுக்க வழவழப்பாக இருக்க, தேதி இருந்த இடம் மட்டும் விரலுக்கு மேடாகத் தட்டுப்பட்டது. ஹேர் டிரையரால் சூடு காட்டி ஓரத்தை நகத்தால் தூக்கினால் மேல் ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அடியில் வேறு பேட்ச் எண், வேறு காலாவதி தேதி, அது ஏற்கனவே முடிந்துபோன தேதி. சயானிலும் மஞ்சளிலும் இந்த ஒட்டு இருந்தது, மெஜந்தாவில் இல்லை. எங்களுக்கு ஏன் ரோஸ் அடித்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. காலாவதியான பாட்டிலைக் குலுக்காமல் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் படிந்தது தனியாக இறங்குவது தெரியும்.

உறுதி செய்துகொள்ள இன்னொன்றும் செய்தோம், இதை யாரும் செய்யலாம். ரிப்பில் கலர் மேனேஜ்மென்ட்டை முழுக்க அணைத்துவிட்டு, நான்கு நிறத்திலும் நூறு சதவீதக் கட்டம் ஒவ்வொன்று அதே வினைலில், அதே பாஸில் (ஹெட் எத்தனை முறை ஓடி அடிக்கிறது என்பது), அதே ஹீட்டர் சூட்டில் அடித்து, பழைய இங்க்கில் முன்பே அடித்து வைத்திருந்த கட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்தோம். புது சயான் மெலிந்திருந்தது, மஞ்சள் அதைவிட மோசம். புரொஃபைல், இருக்கும் நிறத்தை மற்ற நிறத்தோடு எப்படிக் கலப்பது என்று சொல்லுமே தவிர, இங்க்கில் இல்லாத நிறத்தை உண்டாக்காது. அதனால்தான் இந்த நான்கு கட்டங்களைத் தேதி போட்டு எடுத்து வைப்பது நல்லது. சண்டை வரும்போது வேறு எந்த ஆதாரத்தையும்விட இது பேசும்.

இன்னொரு ஏமாற்று வெயிலில் தெரிந்தது. பாட்டிலில் ‘அவுட்டோர்’ என்று போட்டிருந்தது. ஒரே படத்தைப் பழைய இங்க்கில் ஒன்று, இதில் ஒன்று என்று பாதியை அட்டையால் மூடி வெயில் படும் ஜன்னலில் ஒட்டினோம். இதில் அடித்ததன் மூடாத பாதி முதலில் மஞ்சளை இழந்தது, பின்னாலேயே மெஜந்தாவும் போய் மொத்தமும் நீலமாகிவிட்டது. வெயிலில் எந்த இங்க்கும் மங்கும், மஞ்சளும் மெஜந்தாவும் சயானுக்கு முன்னால் போவதும் வழக்கம்தான், பழைய போஸ்டர்கள் நீலம் பாரித்து நிற்பது அதனால்தான். ஆனால் பக்கத்தில் பழைய இங்க்கில் அடித்தது அப்போதும் அட்டைக்கு உள்ளும் வெளியிலும் ஒரே மாதிரி இருந்தது.

எல்லா வெளி இங்க்கும் திருட்டு என்று சொல்லவில்லை. பேட்ச் எண், தேதி, பாதுகாப்புத் தகவல் தாள் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்து, ஃப்ளஷ் செய்யச் சொல்லி, ஆளை ஸ்பெக்ட்ரோவோடு அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். கலர் மாறினால் உடனே விற்றவர்மேல் பாயவும் வேண்டாம். ரிப்பிலும் டிரைவரிலும் இரண்டு இடத்திலும் கலர் மேனேஜ்மென்ட் ஆன் ஆகியிருந்தால் ஒரே நிறம் இரண்டு முறை மாற்றப்பட்டுக் கன்னாபின்னா என்று வரும். எஸ்ஆர்ஜிபி கோப்பை அடோபி ஆர்ஜிபி என்று ரிப் எடுத்துக்கொண்டாலும் நிறம் தூக்கலாகிவிடும். ஹீட்டர் சூடு மாறினாலும் மாறும். டியூப்லைட்டில் சாம்பலாகத் தெரிவது வெளியே வெயிலில் வேறு நிறம் காட்டினால் அது வெளிச்சத்தின் வேலை, இங்க் மோசடி அல்ல. இதையெல்லாம் கழித்த பிறகும் மிச்சம் நின்றால்தான் பாட்டில் பக்கம் போக வேண்டும்.

புரொஃபைல் ‘போட்டுத் தருகிறோம்’ என்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அளவுக் கோப்பு. அளந்தவரிடம் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக இருக்கும், கேட்டால் கொடுப்பதில் அவருக்குச் சிரமமே இல்லை. அதோடு, புரொஃபைலுக்கு முன்பே லினியரைசேஷனும் (ஒவ்வொரு நிறமும் சீராக ஏறும்படி சமன் செய்வது) இங்க் லிமிட்டும் (எவ்வளவு இங்க் விழலாம் என்ற வரம்பு) வைத்தாரா என்று பாருங்கள். நான்கு நிறமும் நூறு நூறு விழுந்தால் மொத்தம் 400 சதவீதம், வினைல் அவ்வளவு இங்க்கைத் தாங்காது, காயாமல் ஓடும். இங்க் மாறினால் இந்த இரண்டும் முதலில் மாற வேண்டும், அதன் மேல்தான் புரொஃபைல் உட்காரும். எங்களுக்கு வந்தவர்கள் ரிப்பில் இந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

இப்போதைய நிலவரம்: லைன் முழுக்க ஃப்ளஷ் செய்து, டாம்பர்களை மாற்றி, பழைய இங்க்குக்கே திரும்பிவிட்டோம். ஹெட் அதே பழைய ஹெட்தான், நன்றாக ஓடுகிறது. உரித்த ஸ்டிக்கர், பாட்டில் அடி, ஐசிசி ஹெடர் எல்லாவற்றையும் படம் எடுத்து, மீதிச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தரச் சொல்லி எழுத்தில் அனுப்பினோம். பணத்தைப் பற்றிப் பேச்சில்லை. புதுப் பேட்ச் தருகிறோம், புரொஃபைலும் புதிதாக ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறோம், சார்ட் போட்டோ அனுப்புங்கள் என்று பதில் வந்திருக்கிறது.