கூகுளின் இன்டர்வியூ வார்ம்அப்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

நேர்காணலுக்கு முன் வாய்விட்டுப் பேசிப் பழகச் சொல்லாதவர்கள் இல்லை. பேசியதை அப்படியே திருப்பிக் காட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை. கூகுள் 2022-இல் வெளியிட்ட இன்டர்வியூ வார்ம்அப் என்ற இணையக் கருவி இதைக் கட்டணமில்லாமல் செய்கிறது. டேட்டா அனலிட்டிக்ஸ், ஐடி சப்போர்ட், புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்று துறையைத் தேர்ந்தெடுத்தால் ஐந்து கேள்விகள் வரும். மைக்கில் சொல்லும் பதில் எழுத்தாகத் திரையில் விழும். எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் சொற்களை எடுத்துக்காட்டும் பகுதிதான் இதன் பெரிய பலம். மனதுக்குள் ஒத்திகை பார்க்கும்போது அவை நமக்கே தெரிவதில்லை. துறைச் சொற்களையும் இது தனியாகக் காட்டும். அந்தப் பட்டியலை நீளமாக்குவதற்காகச் சொற்களைத் திணித்தால் பதில் செயற்கையாகிவிடும். கேட்பவர் உடனே கண்டுகொள்வார்.

பதிலின் நீளத்தைச் சரிபார்க்கவும் அந்த எழுத்துவடிவம் போதும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 சொற்கள். அனுபவம் பற்றிய கேள்விக்கு இரண்டு நிமிடம் தாராளம், அதாவது 260 சொற்கள். அதைத் தாண்டினால் பெரும்பாலும் சூழலை விவரிப்பதிலேயே நேரம் போயிருக்கும். சூழலுக்கும் பொறுப்புக்கும் நாலைந்து வாக்கியங்கள் போதும். பாதிக்கு மேல் நீங்கள் செய்ததைப் பற்றியும், கடைசியில் விளைவைப் பற்றியும் இருக்கட்டும். 'நாங்கள் செய்தோம்' என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். குழுவில் உங்கள் பங்கு எது என்பது அங்கேதான் மறைந்துபோகிறது.

ஒரு சொல் தவறாகப் பதிவானால் உடனே உச்சரிப்பைக் குறை சொல்ல வேண்டாம். மின்விசிறியை நிறுத்தி, ஹெட்செட் மைக்கில் பேசிப் பாருங்கள். அப்போதும் அதே சொல் பிசகினால் அதை மட்டும் நிறுத்திச் சொல்லிப் பழகலாம்.

இது மதிப்பெண் தராது, பதில் தவறு என்றும் சொல்லாது. பார்வை அலைவதும் வாக்கியக் கடைசியில் குரல் தேய்வதும் இதற்குத் தெரியாது. அதனால் பேசும்போதே கைபேசியைக் கண் மட்டத்தில் வைத்து வீடியோ எடுப்பது அவசியம். முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், பிறகு படத்தைப் பார்க்காமல் கேளுங்கள்.

முதல் வேலை தேடுபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்போம். அனுபவசாலிகளுக்கு இது போதாது. 'ஏன் அந்த முடிவு எடுத்தீர்கள்?' என்று குடையும் துறைசார்ந்த ஒருவர் எதிரில் வேண்டும். ஒரே கேள்வியை மூன்று முறைக்கு மேல் ஓட்டாதீர்கள். அதற்குப் பிறகு வருவது மனப்பாடம். கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாலே தடுமாற வைத்துவிடும்.