கிக்ஸ்டார்ட்டா, பிரிசீடா, ஆட்டோஇன்ஸ்டாலா?

முப்பது கணினிகள், எல்லாவற்றிலும் ஒரே லினக்ஸ், ஒரே மென்பொருள்கள். பென் டிரைவோடு ஒவ்வொன்றாக உட்கார்ந்தால் பதினெட்டாவதில் நேர மண்டலத்தை மாற்ற மறந்துவிடுவோம். நிறுவல் நிரல் (இன்ஸ்டாலர்) கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிக் கொடுத்துவிடுவதே வழி. ரெட் ஹாட், ஃபெடோரா, அல்மா, ராக்கி ஆகிய லினக்ஸ் வகைகளில் அதன் பெயர் கிக்ஸ்டார்ட். டெபியனில் பிரிசீட். உபுண்டு சர்வரில் 20.04 முதல் ஆட்டோஇன்ஸ்டால்.

முதன்முறை செய்பவருக்கு கிக்ஸ்டார்ட்தான் எளிது என்பேன். ஒரு கணினியில் கையால் நிறுவி முடியுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்ததை அனகோண்டா என்ற அதன் நிறுவல் நிரலே ரூட் (நிர்வாகிப் பயனர்) கணக்கின் ஹோம் அடைவில் ஒரு கிக்ஸ்டார்ட் கோப்பாக எழுதி வைத்திருக்கும். அதைத் திருத்தினால் அடுத்த கணினிக்குத் தயார். மென்பொருள் பட்டியல் வரிக்கு ஒரு பெயர். வேண்டாததற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. ஒன்றில் மட்டும் கவனம் வையுங்கள்: எந்த டிஸ்க் என்று சொல்லாமல் எல்லாப் பார்ட்டிஷனையும் (டிஸ்க் பிரிவுகளையும்) அழிக்கச் சொன்னால், செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும்.

பிரிசீடில் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்விக்குப் பதில். எந்தக் கேள்வி வரும், அதன் உள்பெயர் என்ன என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். டிஸ்க் பிரிக்கும் கட்டத்தில் மட்டும் 'மாற்றங்களை எழுதலாமா?' என்பதே வேறு வேறு பெயர்களில் பல முறை வரும். ஒன்று விட்டுப்போனால் நீலத்திரையில் யெஸ், நோ என்று அப்படியே நிற்கும். இரவு ஓடவிட்டுப் போனால், காலையில் முப்பது திரையிலும் அதே கேள்வி. அப்புறம், பதில் கோப்பு நெட்வொர்க்கில் இருந்தால் மொழி, விசைப்பலகைக் கேள்விகள் அதைப் படிப்பதற்கு முன்பே வந்துவிடும். அவற்றைத் தள்ளிப்போட பூட் வரியிலேயே (கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) சொல்ல வேண்டும்.

ஆட்டோஇன்ஸ்டால் இந்தக் கஷ்டத்தைத் தலைகீழாக்குகிறது. சொல்லாமல் விட்ட பெரும்பாலானவற்றுக்கு இயல்பு மதிப்பையே எடுத்துக்கொள்ளும், கேள்விக்காக நிற்காது. ஆனால் கோப்பு யாம்ல் (உள்தள்ளலை வைத்தே அமைப்பைப் புரிந்துகொள்ளும் எழுத்து வடிவம்) என்பதால் உள்தள்ளல் ஓர் இடம் பிசகினாலும் போச்சு. பூட் வரியில் ஆட்டோஇன்ஸ்டால் என்ற சொல் இல்லாவிட்டால், டிஸ்க்கில் எழுதுமுன் ஒருமுறை அனுமதி கேட்கும். நல்ல பாதுகாப்பு அது. சோதனை ஓட்டம் முடியும்வரை அந்தச் சொல்லைச் சேர்க்காதீர்கள்.

சரி, பிரிண்டர் முகவரி போன்றவற்றைச் சொல்லும் அமைப்புக் (கான்ஃபிக்) கோப்புகளை எங்கே வைப்பது? நிறுவல் முடிந்ததும் கட்டளைகளை ஓட்ட மூன்றிலும் வழி உண்டு. கிக்ஸ்டார்ட்டில் முழு ஸ்கிரிப்டாகவே எழுதலாம். பிரிசீடில் எல்லாவற்றையும் ஒரே கட்டளையாகக் கோக்க வேண்டும், நீண்டால் படிக்கவே முடியாது. எதுவானாலும் அங்கே பைத்தானும் ஒரு எஸ்எஸ்எச் சாவியும் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய) மட்டும் வைப்பதே என் வழக்கம். மற்ற கோப்புகளெல்லாம், பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிள் கருவி வழியாகத்தான். பிரிண்டரின் முகவரி மாறும் நாளில், எதையும் திரும்ப நிறுவாமல் ஒரே கட்டளையில் முப்பதையும் திருத்திவிடலாம்.