தேதி முடிந்த பிளஸ்-எக்ஸ்: வளவுக்குச் சரி, பத்திக்கு ஆகாது

தேதி முடிந்த கறுப்பு வெள்ளை பிலிம் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், எத்தனை ஐஎஸ்ஓ (பிலிமின் வேகத்தைச் சொல்லும் எண்; எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் வேண்டும்), இத்தனை வருஷம் எங்கே கிடந்தது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் விற்கிற ஒரு கடையில், பீங்கான் ஜாடிக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவே எனக்கு அகப்பட்டது கோடக் பிளஸ்-எக்ஸ், 125 ஐஎஸ்ஓ, 35 மில்லிமீட்டர். டப்பாவில் 2008 என்று இருந்தது. மூடிப்போன ஸ்டூடியோ ஒன்றின் சரக்காம். "வந்தா வரும் தம்பி, வரலைன்னா எங்கிட்ட வரக் கூடாது" என்று கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். புது ரோல் விலையில் பாதிக்கும் கீழே பேசி முடித்தேன். கோடக் இந்த பிலிமை 2011-லேயே நிறுத்திவிட்டது. இனி யார் வாங்கினாலும் பழையதுதான்.

டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தாலும், சூட்டிலும் காலத்திலும் பிலிமில் உள்ள வெள்ளி உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். கழுவினால் நெகட்டிவ் முழுக்க ஒரு சாம்பல் படலம் ஏறியிருக்கும். ஃபாக் என்பது அதைத்தான். 400, 800 போன்ற வேகமான பிலிமில் சீக்கிரம் ஏறும், 125-ல் நிதானமாக. அந்தச் சாம்பலை மீறி நிழல் பகுதி தெரிய வேண்டுமென்றால் வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். அதனால் வெளிச்சம் அளக்கும் மீட்டரை 125-க்குப் பதில் 50-ல் வைத்தேன்.

படம் எடுத்தது கானாடுகாத்தானில், தெரிந்தவர்கள் வீட்டில். திறந்த வளவில், அதாவது நடுமுற்றத்தில், காலை வெயில் இறங்கும்போது இந்த பிலிம் தேதியையெல்லாம் மறந்துவிடுகிறது. பாயில் காயப்போட்ட வடகத்தின் ஒவ்வொரு முள்ளும் தனியாகத் தெரிகிறது. பர்மா தேக்குத் தூணில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு மினுங்குகிற இடமும், அதற்கு மேலே கை எட்டாமல் மங்கிக் கிடக்கிற இடமும் இரண்டு வேறு சாம்பலாக வந்திருக்கின்றன. புது பிலிமில் கறுப்பு இன்னும் அழுத்தமாக இருந்திருக்கும், உண்மைதான். எனக்கு இந்த மென்மை பிடித்திருக்கிறது.

வளவைச் சுற்றி வெளிச்சம் குறைந்த தாழ்வாரமான பத்திக்குள் போனால் கதை வேறு. அங்கே மீட்டர் ஒரு விநாடி சொன்னால் இரண்டு கொடுக்க வேண்டும், பத்து சொன்னால் ஐம்பது. புது பிளஸ்-எக்ஸுக்கே அதுதான் கணக்கு. பழசுக்கு அதுவும் போதவில்லை, நிழலெல்லாம் சேறு. வீட்டு ஆச்சியை இரட்டைக் கதவோரம் உட்காரச் சொன்னேன். "அசையாம இருக்க நான் என்ன தூணாப்பா?" என்று எழுந்து போய்விட்டார்கள்.

ஆத்தங்குடிக் கல் தரையை எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது வயதால் வருவதல்ல, கறுப்பு வெள்ளையின் குணம். கல்லின் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழுந்து, பூ வேலை தரையோடு தரையாகிவிட்டது. பச்சை ஃபில்டர் போட்டால் பச்சை வெளுத்துச் சிவப்பு கறுக்கும், பூ எழுந்து நிற்கும். ஆனால் அது இரண்டு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சத்தில் முக்கால் பங்கு வரை, தின்னும். ஏற்கெனவே 50-க்கு இறங்கிய பிலிமில் அப்புறம் மிச்சம் என்ன இருக்கும்? ஸ்டாண்ட் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கழுவுவதை வெளியே கொடுக்காதீர்கள். பழைய ரோலுக்கென்று தனியாக நேரம் பார்க்க எந்த லேபுக்கும் பொறுமை இருக்காது. நான் எச்.சி-110 ஊற்றினேன்; பழைய பிலிமில் ஃபாக்கை அதிகம் கிளப்பாது என்று பேர் வாங்கிய டெவலப்பர், அதாவது பிலிம் கழுவுகிற ரசாயனம். நம் ஊரில் பெரிய தொல்லை தண்ணீர்தான். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும், டெவலப்பருக்கோ 20 டிகிரி வேண்டும். ஐஸ் கட்டி போட்ட வாளியில் பிலிம் கழுவுகிற டேங்கை நிறுத்தித்தான் வேலை பார்த்தேன். அலசுகிற தண்ணீரையும் குளிர வையுங்கள், சூட்டில் ஜெலட்டின் இளகிவிடும். காய்ந்த பிறகு நெகட்டிவ் பனையோலை மாதிரி சுருண்டுகொள்ளும், கனமான புத்தகத்துக்கடியில் சில நாள் வைக்க வேண்டும்.

கல்யாணம், காதுகுத்து என்று திரும்ப எடுக்க முடியாத எதற்கும் இதை நம்பி இறங்காதீர்கள். அதே கடையில் 400 ஐஎஸ்ஓ ரோல்களும் கிடக்கின்றன, ஓட்டுக்கு நேர் கீழே இருக்கிற அலமாரியில். இனாமாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். பிளஸ்-எக்ஸ் மட்டும் கீழ்த்தட்டில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சொன்ன விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.