வாடகைக்கு ஆள் வைக்கும் முன்: எந்த விசாரிப்பு எதைச் சொல்லும்?

சென்னையில் வீடு வாடகைக்கு விடும்போது ஆளை எடைபோட ஓனர்களிடம் நான்கு வழிகள் புழக்கத்தில் உண்டு: ஆதாரும் போலீஸ் சரிபார்ப்பும், சம்பளக் காகிதங்கள், பழைய ஓனரிடம் விசாரிப்பது, புரோக்கர் அல்லது தெரிந்தவரின் வாக்கு. பெரும்பாலோர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். வாடகை பாக்கி வைப்பவரை அது காட்டிக்கொடுக்காது.

2012-ல் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்த வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்ற என்கவுன்டருக்குப் பிறகுதான் சென்னையில் குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும் வழக்கம் அழுத்தம் பெற்றது. குற்ற வழக்கு உள்ளவரைத் தவிர்க்க அது உதவும், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் மூன்று வீட்டில் பாக்கி வைத்துவிட்டு வந்தவர் மேல் எந்த எஃப்.ஐ.ஆரும் இருக்காது. ஆதார் ஜெராக்ஸும் அப்படித்தான். ஆதார் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் வயது வரம்பு, பாலினம், மாநிலம், மொபைலின் கடைசி மூன்று எண்கள் மட்டுமே வரும், பெயர் வராது. உண்மையான எண்ணில் பெயரை மாற்றி அச்சடித்த அட்டை இதில் தப்பிவிடும். அட்டையின் க்யூஆர் குறியீட்டை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயர், படம், முகவரி தெரியும். ஜெராக்ஸில் க்யூஆர் மங்கிப்போகும். அசல் அட்டையையோ இ-ஆதாரையோ கேளுங்கள்.

சம்பளக் காகிதங்கள் பணம் கட்டும் சக்தியைச் சொல்லும், கட்டும் மனதைச் சொல்லாது. பே ஸ்லிப்பை யாரும் தயாரிக்கலாம். பி.எஃப். பாஸ்புக்கை அவரே உங்கள் எதிரில் திறந்து காட்டினால் கம்பெனிப் பெயரும் மாதாமாதம் பணம் விழுவதும் தெரியும். தொழிலாளி பங்கு 1,800 என்றே தொடர்ந்து இருந்தால் அதை வைத்துச் சம்பளத்தைக் கணக்கிடாதீர்கள்: சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பல கம்பெனிகள் பி.எஃப். சம்பள உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் 12 சதவீதம் பிடிக்கும். சம்பளத்துக்கு மூன்று மாத வங்கிக் கணக்கைப் பாருங்கள். வாடகை 20,000, பராமரிப்பு 2,500 என்று வையுங்கள். கைக்கு வரும் 80,000 போதும் என்று தோன்றும். அதில் 38,000 இஎம்ஐ போனால் மிச்சம் 42,000, அதில் பாதிக்கு மேல் உங்களுக்கே வர வேண்டும். இஎம்ஐ திரும்பியதற்கான அபராதம் ஒருமுறை இருந்தால் கேளுங்கள், இரண்டு முறை இருந்தால் வேண்டாம். சொந்தத் தொழில் செய்பவரிடம் இரண்டு வருட வருமான வரி ரிட்டர்ன் போதும்.

பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுவது பழைய ஓனரிடம் விசாரிப்பதைத்தான். செலவில்லாததும் அதுதான், அதிகம் சொல்வதும் அதுதான். இதிலும் இரண்டு கோளாறுகள் வரும். தொல்லை தரும் ஆளைக் கழற்றிவிட நினைக்கும் இப்போதைய ஓனர் வாய்நிறையப் புகழ்வார். அதனால் அதற்கு முந்தைய ஓனரிடம் பேசுங்கள். அடுத்தது, நண்பரே ஓனராக நடிப்பது. வாடகையை வேண்டுமென்றே தவறாகச் சொல்லுங்கள்: “பதினாறாயிரம்தானே கொடுத்தார்?” உண்மை ஓனர் உடனே திருத்துவார். பிறகு மூன்று கேள்விகள்: எந்தத் தேதியில் வாடகை வரும், அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தீர்கள், ஈபி பாக்கி இருந்ததா. அவர் சொல்லும் தேதி அந்தக் காலத்து வங்கிக் கணக்கில் வாடகை போன தேதியோடு பொருந்த வேண்டும். முதல் வேலையில் இருப்பவருக்குப் பழைய ஓனர் இருக்க மாட்டார், பெற்றோரிடம் பேசுங்கள்.

புரோக்கருக்கு அக்ரிமென்ட் முடிந்ததும் கமிஷன் வந்துவிடும், அதற்குப் பின் அவர் கவலைப்பட ஒன்றுமில்லை. தெரிந்தவர் அனுப்பிய ஆளிடம் பாக்கியைக் கறாராகக் கேட்க முடியாது என்பது தனிக் கஷ்டம். சைவமா, எந்த ஊர், எந்த ஆட்கள் என்ற கேள்விகளுக்கும் ஐந்தாம் தேதி வாடகை வருவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

‘அட்வான்ஸைக் கூட்டி வாங்கிவிட்டால் போதும், விசாரிக்கத் தேவையில்லை’ என்ற கணக்கு உதைக்கும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அதில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். இரண்டு மாதப் பாக்கி விழுந்தால் காலி செய்யக் கோரலாம்; ஆனால் வழக்கு வாடகை நீதிமன்றத்தில் நகரும் வரை தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த முடியாது. அதற்குள் அட்வான்ஸ் கரைந்துவிடும். பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவே தேவையில்லை என்று நினைப்பதும் தவறு. அந்த விலக்கு சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான். 2017 சட்டத்தின்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது தனி.

பேச்சுலர்கள் சேர்ந்து வந்தால் வீட்டைப் பார்க்க வந்தவரை மட்டும் விசாரிக்காதீர்கள். தங்கப்போகும் ஒவ்வொருவரும் அக்ரிமென்டில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் போய் இன்னொருவர் வந்தால் உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்றும் அதிலேயே எழுதுங்கள். ஆறு மாதத்தில் முதலில் வந்தவர் போய்விட்டு, முகமே தெரியாத மூன்று பேர் இருப்பது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.