பழைய வேலை கசந்தபின்: ஸ்டார்ட்அப்பா, பெரிய கம்பெனியா?

மதுரை வடபழஞ்சியில் நிலைத்த ஐடி கம்பெனி ஒன்று. கே.கே. நகரில் மாடி வீட்டை ஆபீஸாக்கிய எட்டுப் பேர் ஸ்டார்ட்அப் ஒன்று. இரண்டும் மாதம் 35,000 தருகிறோம் என்கின்றன. எதில் சேர்வது என்பது பழைய இடத்தில் எது கசந்தது என்பதைப் பொறுத்தது.

சம்பளம் இழுத்தடித்ததுதான் கசப்பு என்றால், ஸ்டார்ட்அப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். ஒரே எக்செல் ஷீட்டோடு இரண்டு வருஷம் மாரடித்தவருக்கு அது நல்ல இடம். அங்கே புரோகிராம் எழுதுகிறவரே சர்வரில் ஏற்றுவார், கஸ்டமர் போனையும் எடுப்பார். மேனேஜரின் ஏச்சு தாங்காமல் வந்தவர்தான் ரொம்ப யோசிக்கணும். பெரிய இடத்தில் டீம் மாற்றிக் கேட்கலாம். எட்டுப் பேர் இடத்தில் ஃபவுண்டரே எச்ஆர்; அவர்மேல் உள்ள புகாரை அவரிடமே கொடுக்கணும்.

இரண்டு 35,000-மும் ஒன்றல்ல. 20 பேருக்குக் குறைந்த இடத்தில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டாயமில்லை. முழுப் பணமும் கைக்கு வரலாம். பெரிய கம்பெனியில் பெரும்பாலும் உங்கள் பங்கு 1,800, சிடிசிக்குள்ளேயே (உங்களுக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தத் தொகை) கம்பெனி பங்கு 1,800 என்று பிடித்து 31,400 வரும். அந்த 3,600 உங்கள் பெயரில்தான் சேர்கிறது, வருஷத்துக்கு 43,200. ஸ்டார்ட்அப்பில் கைக்குக் கூடுதலாக வரும் அந்த 3,600-ஐச் சம்பள உயர்வு என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் அதிகம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் யார் கட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

“சம்பளம் கம்மி, ஷேர் தர்றோம்” என்றால், ஒப்பிடும்போது அதற்குச் சைபர் போடுங்கள். சட்டப்படி முதல் ஒரு வருஷம் கைக்கு எதுவும் வராது; முழுசாகச் சேர வழக்கமாக நாலு வருஷம். வேலையை விட்டால், அதுவரை சேர்ந்த ஷேரைப் பல இடங்களில் 90 நாளுக்குள் கைக்காசு போட்டு வாங்கணும், வரியும் உண்டு.

“ஃபண்டிங் வந்திருச்சு” என்பதையும் வகுத்துப் பாருங்கள். 10 லட்சம் மானியம் பெரிதாகத் தெரியும். எட்டுப் பேருக்குச் சராசரி 30,000 என்றால் மாதம் 2.4 லட்சம், நாலு மாதத்தில் தீர்ந்துவிடும். ஆகவே நேரடியாகக் கேளுங்கள்: “இன்னும் எத்தனை மாசச் சம்பளத்துக்குக் கையில பணம் இருக்கு?” மழுப்பினால் அதுவே பதில்.

பிஎஃப் கட்டும் இடமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. பிஎஃப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான இபிஎஃப்ஓவின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், மாதவாரியாக எத்தனை பேருக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று தெரியும். ஆறு மாதத்தில் 34 பேர் 21 ஆகியிருந்தால், ஏன் என்று இன்டர்வியூவிலேயே கேட்கலாம். பெரிய கம்பெனியையும் விடாமல் இப்படிப் பாருங்கள்; பலகை பெரிதாக இருக்கும், ஆட்கள் கழன்றுகொண்டிருப்பார்கள்.

எங்கே போனாலும், பழைய இடம் உங்களை விடுவித்ததாகத் தரும் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஸ்டார்ட்அப் அதைக் கேட்காமலே சேர்த்துக்கொள்ளும். அதற்கடுத்த கம்பெனியின் வெரிஃபிகேஷனில்தான் மாட்டும். பழைய இடம் பிஎஃப்பில் வெளியேறிய தேதியைப் போடாமல் இழுத்தால், கடைசிப் பங்கு கட்டி இரண்டு மாதம் கழித்து யுஏஎன் (உங்கள் பிஎஃப் எண்) தளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.