கவுனி அரிசிக்கு பிளாக்செயின் வேண்டுமா? நான்கு வழிகளின் ஒப்பீடு

பிளாக்செயின் ஒரு பதிவேடு. அதில் ஒருமுறை ஏறிய வரியை யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாது. ஆனால் ஏற்றிய வரி உண்மையா பொய்யா என்று அதற்குத் தெரியாது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கருப்புக் கவுனி, எள், நிலக்கடலை என்று இயற்கை முறையில் விளைவித்து விற்கும் உழவர் குழுக்கள் இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் போதும். எதற்குப் பணம் போடலாம், எதற்கு வேண்டாம் என்பதில் பாதி தெளிந்துவிடும்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. முதல் வழி, நோட்டுப் புத்தகமும் சான்றிதழும். இரண்டாவது, குழு முழுக்க ஒரே தரவுத்தளத்தில் எழுதி, பாக்கெட்டில் க்யூஆர் கோடு ஒட்டுவது. மூன்றாவது, அனுமதி பெற்ற நிறுவனங்கள் மட்டும் எழுதும் தனிச் சங்கிலி, அதாவது தனி பிளாக்செயின். ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற மென்பொருள் இந்த வகை. நான்காவது, தரவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதன் ஹாஷ் எனப்படும் கைரேகையை (தரவில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் குறியீட்டை) மட்டும், யாரும் பார்க்கக்கூடிய பொதுச் சங்கிலியில் பதிந்து வைப்பது.

எந்த வழியில் போனாலும் சான்றிதழ் வேலை தப்பாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 'ஆர்கானிக்' என்று போட்டு விற்க என்.பி.ஓ.பி. (தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம்) சான்று அல்லது உழவர்கள் தங்களுக்குள் சரிபார்த்துக்கொள்ளும் பி.ஜி.எஸ்.-இந்தியா சான்று வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 12 லட்ச ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஜைவிக் பாரத் என்ற அரசின் ஆர்கானிக் முத்திரை போடக்கூடாது. பி.ஜி.எஸ்.ஸில் குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்துச் சரிசொல்ல வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவது என்றால் என்.பி.ஓ.பி.தான், நெல் போன்ற பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு மாற்றுக்காலம். அதற்கான டிரேஸ்நெட் என்ற இணையப் பதிவை மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபெடா 2010 முதல் நடத்துகிறது. அதுவும் மையத் தரவுத்தளம்தான், பிளாக்செயின் அல்ல. சரக்குக்குச் சரக்கு பரிவர்த்தனைச் சான்று வரை அது வரும். ஒரு கிலோ பாக்கெட் வரை வராது. குழுவின் பதிவு நிரப்ப வேண்டிய இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

கலப்பு எங்கே நுழைகிறது

ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பாகப் போட்ட கவுனி தையில் அறுவடைக்கு வரும். அறுப்பு இயந்திரம் பக்கத்து ரசாயன வயலை முடித்த கையோடு உள்ளே இறங்கினால், அதன் தொட்டியில் தங்கிய நெல் உங்கள் முதல் மூட்டையில் வந்து விழும். அந்த மூட்டையைத் தனியே ஒதுக்கி, 'சாதா' என்று எழுதிவிட வேண்டும். கண்மாய்ப் பாசனத்தில் மேல்மடை வயலில் அடித்த மருந்து வாய்க்கால் தண்ணீரோடு இறங்குவதும் உண்டு. எந்தக் கணினியும் அதைப் பிடிக்காது. உயிர்வேலியும் வரப்போர இடைவெளியும் தடுக்கும். ஆய்வகத்தில் எச்சப் பரிசோதனை செய்தால் தெரியும்.

இதைவிடப் பெரிய ஓட்டை எடையில் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். 20 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ நெல் களத்துக்கு வருகிறது. 13 சதவீதத்துக்குக் காய்ந்ததும் அது 920 கிலோ ஆகிவிடும். கவுனியைத் தீட்டாமல் உமி மட்டும் நீக்கி, 100-க்கு 75 கிலோ அரிசி என்று வைத்தால் 690 கிலோ வர வேண்டும். காய்ந்த எடையை எழுதாமல் வயல் எடையை மட்டும் எழுதியிருந்தால், காகிதத்தில் 750 கிலோ வரைக்கும் இடம் இருக்கிறது. நடுவில் நிற்கும் 60 கிலோ வெளிச்சந்தைக் கவுனிக்குத் திறந்த கதவு. இந்தத் தவறு சங்கிலியில் ஏறினால் திருத்த முடியாத தவறாகிவிடும், அவ்வளவே. கணக்கு முழுக்கப் பச்சை விளக்குதான் காட்டும்.

ஆகவே ஒரு லாட்டுக்கு, அதாவது ஒன்றாகக் கணக்கிடும் சரக்குத் தொகுதிக்கு, ஆறு எண்கள் கட்டாயம்: வயல் எடை, ஈரமானியில் வந்த சதவீதம், காய்ந்த எடை, அரைத்து வந்த அரிசி, குருணை, உமி. மூட்டைக் கணக்கில் எழுதவே கூடாது. ஒரு மூட்டை ஓர் ஊரில் 60 கிலோ, இன்னோர் ஊரில் 75. தராசு மின்னணுத் தராசாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை வாங்கிய தேதியையும் பதிவில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு உழவருக்கும் புல எண், உட்பிரிவு வாரியாக ஏக்கருக்கு உச்ச விளைச்சல் என்று ஒரு வரம்பை, குழு தானே பயிர் வெட்டிப் பார்த்து வைக்க வேண்டும். 1,200 கிலோ வரம்புள்ள ஏக்கரிலிருந்து 1,500 கிலோ வந்தால் பதிவு தானாக நின்று கேள்வி கேட்க வேண்டும்.

புதுவயல் பக்கத்து அரிசி ஆலைகளில் கூலிக்கு அரைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. முந்தைய வாடிக்கையாளரின் நெல் எலிவேட்டரிலும் உமி நீக்கும் ரப்பர் உருளைக்குக் கீழேயும் தங்கியிருக்கும். இயந்திரத்தைத் தட்டித் துடைத்துவிட்டு, உங்கள் நெல்லிலேயே முதல் 25, 30 கிலோவை ஓட்டி, அதைச் சாதா அரிசியாகக் கழித்து எழுதுங்கள். வெள்ளை அரிசி கலந்திருந்தால் கருப்புக் கவுனியில் கண்ணுக்கே தெரியும். ரசாயனம் போட்டு விளைந்த கவுனி கலந்தால் தெரியாது. இரண்டும் ஒரே கருப்பு. அங்கே துணை நிற்பது எடைக் கணக்கு மட்டுமே.

வழிக்கு வழி

நோட்டுப் புத்தகத்தை மட்டமாக எடைபோடாதீர்கள். சான்று ஆய்வாளர் கேட்பது இன்றும் வயல் நாட்குறிப்பும் இடுபொருள் ரசீதும்தான். மின்சாரம் போனாலும் நோட்டு நிற்காது. அது தோற்கும் இடம் தேடல். 'இந்தப் பாக்கெட் யார் வயல்?' என்று வாங்குபவர் கேட்டால், மூன்று பேர் நோட்டைப் புரட்டிப் பதில் சொல்ல நாள் கணக்கில் ஆகும். இரவோடு இரவாகப் புது நோட்டில் எல்லாவற்றையும் ஒரே பேனாவில் திருப்பி எழுதிவிடவும் முடியும்.

தேடல் வேகத்துக்கு பிளாக்செயின் ஆதரவாளர்கள் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு வால்மார்ட்டின் மாம்பழச் சோதனை. ஐ.பி.எம். உதவியோடு ஃபேப்ரிக்கில் செய்தபோது, கிட்டத்தட்ட ஏழு நாள் எடுத்த தேடல் 2.2 வினாடியில் முடிந்தது. உண்மைதான். ஆனால் அந்த வேகத்துக்குக் காரணம், தோட்டம் முதல் கடை வரை எல்லாரும் ஒரே வடிவத்தில் கணினியில் எழுதியது. அதே ஒழுங்கோடு எழுதினால் சாதாரணத் தரவுத்தளமும் வினாடிக் கணக்கில்தான் பதில் சொல்லும். எழுதாதவரிடம் வாங்கமாட்டேன் என்று சொல்லும் பலம் வால்மார்ட்டுக்கு இருந்தது. நாற்பது உழவர்கள் கொண்ட குழுவுக்கு ஆலைக்காரரிடம் அந்தப் பலம் கிடையாது.

எனவே சொந்தப் பெயரில் காரைக்குடியிலும் சென்னையிலும் விற்கும் குழுவுக்கு இரண்டாவது வழியே அடித்தளம். மாதம் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் சர்வர் போதும். பழைய வரியை அழிக்க விடாமல், திருத்தத்தைப் புதிய வரியாக மட்டும் ஏற்கும்படி அமைக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத களத்தில் கைபேசியிலேயே சேமித்து, ஊருக்குள் வந்ததும் ஏற்றும் வசதி வேண்டும். இதன் குறை ஒன்றே: கணினியின் முழு அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் நினைத்தால் பின்தேதியிட்டு எதையும் மாற்றலாம்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மூன்றாவது, நான்காவது வழிகள். மூன்றாவதில் செலவும் அதிகம், பராமரிப்பும் அதிகம். உழவர் நிறுவனம், ஆலை, மொத்த வியாபாரி, ஏற்றுமதியாளர் என ஒருவரையொருவர் முழுதாக நம்பாத நான்கு தரப்பு இருந்து, நால்வரும் தத்தம் சர்வரைத் தாங்களே நடத்தினால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. எல்லாச் சர்வரும் ஒரே மென்பொருள் நிறுவனத்தின் கணக்கில் ஓடினால், அதை அந்த நிறுவனம் நினைத்தபடி மாற்றலாம். காசு கூடப் போன தரவுத்தளம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. பதிவுகளை வரிசைப்படுத்தும் சர்வர் மூன்று வைத்தால் ஒன்று படுத்தாலும் ஓடும். ஐந்து என்றால் இரண்டு வரை தாங்கும். இன்னொரு கண்ணி: ஃபேப்ரிக்கில் உறுப்பினர்களுக்குத் தரும் டிஜிட்டல் சான்றுகள் இயல்பு அமைப்பில் ஓராண்டில் காலாவதியாகும். அமைத்துக் கொடுத்தவர் போன பிறகு, அடுத்த தையில் அறுவடை நடக்கும்போது பதிவு நின்றுபோகும் காரணங்களில் இதற்கு முதலிடம். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் நடத்திய டிரேட்லென்ஸ் கப்பல் சரக்குச் சங்கிலியை மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள்; உலக அளவில் தொழில்துறையின் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். அத்தனை பெரிய கைகளுக்கே அது அமையவில்லை.

நான்காவது வழி செட்டிநாட்டுக் குழுக்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. தினமும் மாலை அன்றைய பதிவுகளை ஒரு கோப்பாக எடுத்து, எஸ்.எச்.ஏ.-256 முறையில் 64 எழுத்து ஹாஷ் கணக்கிட்டு, அதைப் பொதுச் சங்கிலியில் ஏற்றுகிறோம். ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற சேவை பலருடைய ஹாஷ்களை ஒன்றாகக் கட்டி பிட்காயினில் இலவசமாகவே முத்திரையிடுகிறது. கிரிப்டோ நாணயம் வாங்கவோ, அதற்கான டிஜிட்டல் பையான வாலெட் வைக்கவோ தேவையில்லை. ஜனவரி 20 எடை ஜனவரி 20-லேயே எழுதப்பட்டது, ஆய்வுக்கு முந்தைய நாள் அல்ல என்பதை ஆய்வாளரே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதில் சறுக்கும் இடங்களும் உண்டு. மூலக் கோப்பைத் தொலைத்தால் ஹாஷ் வெறும் எழுத்துக்குவியல். ஆகவே இரண்டு இடத்தில் நகல் வைக்க வேண்டும். தமிழில் எழுதும்போது 'கொ' என்ற எழுத்தை ஒரு கைபேசி கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும், இன்னொன்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஹாஷ் முற்றிலும் வேறு. ஹாஷ் போடும் முன் யூனிகோடு எழுத்தை என்.எஃப்.சி. என்ற ஒரே பொது வடிவத்துக்குச் சீராக்கிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். உழவர் பெயர், பயிர் பெயருக்குப் பதில் எண்ணைப் பயன்படுத்துவது அதைவிட நல்லது. கைபேசி எண்ணையோ ஆதார் எண்ணையோ தனியாக ஹாஷ் செய்து ஏற்றவே கூடாது. பத்து, பன்னிரண்டு இலக்க எண்ணுக்கு எல்லாச் சாத்தியத்தையும் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கணினிக்குச் சிறிது நேரமே ஆகும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் விவரத்தை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. சங்கிலியில் ஏறியதை அழிக்க வழியில்லை. ஆள் விவரம் சங்கிலிக்கு வெளியிலேயே இருக்கட்டும்.

எண்ணெய்க்குத் தனிக் கணக்கு

மரச்செக்கில் 100 கிலோ எள்ளுக்கு 35 முதல் 40 கிலோ எண்ணெய் எதிர்பார்க்கலாம். பாட்டில் லிட்டரில் விற்கிறது. நல்லெண்ணெயின் அடர்த்தி சுமார் 0.92, 38 கிலோ எண்ணெய் 41 லிட்டர் ஆகும். கிலோவையும் லிட்டரையும் ஒன்றாக எழுதினால் கணக்கில் எட்டு, ஒன்பது சதவீதம் தானாக வழுக்கிவிடும். ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டிக்கும் லாட் பதிவு வேண்டும். அதன் மூலத்தையும் ஆய்வாளர் கேட்பார்.

லாட் சிறியதாக இருப்பதன் அருமை 2020 செப்டம்பரில் தெரிந்தது. இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநீக்கி வாயுவின் எச்சம் இருப்பதாக ஐரோப்பாவில் எச்சரிக்கை கிளம்பி, எள் சேர்ந்த ரொட்டி, பிஸ்கட் வரை கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ஆர்கானிக் பொருள்களும் தப்பவில்லை. ஒரு பருவம் முழுவதையும் ஒரே லாட்டாக எழுதியவர் மொத்தத்தையும் இழப்பார். ஒரு நாளில் ஆட்டியது ஒரு லாட் என்று வைத்தால் இழப்பு அந்த நாளோடு நிற்கும்.

க்யூஆர் கோடு விஷயத்தில் எல்லா வழிகளுக்கும் ஒரே பலவீனம்: அதைப் படமெடுத்து ஆயிரம் பாக்கெட்டில் ஒட்டலாம். பாக்கெட்டுக்குப் பாக்கெட் தனி எண் கொடுத்து, ஒரே எண் பல ஊர்களில் ஸ்கேன் ஆனால் எச்சரிக்கை வரும்படி வைக்க வேண்டும். எண்ணெய்ப் பாட்டிலில் ரசீதுக்குப் பயன்படும் வெப்பத் தாள் லேபிளை ஒட்டாதீர்கள். எண்ணெய்க் கையும் வெயிலும் பட்டால் வெளிறிவிடும். ரெசின் ரிப்பனில் அச்சிட்ட லேபிள் நிற்கும். க்யூஆர் கோட்டின் பக்கம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது.

மென்பொருள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது மூன்று நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். முழுத் தரவையும் எந்த நாளும் விரிதாளாக இறக்கிக்கொள்ளும் உரிமை வேண்டும். வாலெட் வைக்கும் அமைப்பாக இருந்தால், குழுவின் மூன்று பொறுப்பாளர்களில் இருவர் கையெழுத்திட்டால்தான் ஓடும்படி சாவிகள் பிரிந்திருக்க வேண்டும். க்யூஆர் கோடு போய்ச் சேரும் இணைய முகவரி குழுவின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். நிறுவனம் கடையை மூடினாலும் ஏற்கெனவே சந்தைக்குப் போன பாக்கெட்டுகளின் கோடு வேலை செய்தாக வேண்டும்.