காலிக் கோட்டையில் விற்கும் ‘கப்பல் நாணயம்’: வாங்காதீர்கள்

இலங்கையின் காலிக் கோட்டைக்குப் போகிறவர்கள், முக்கியமாக வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடல்சார் நூதனசாலை பூட்டியிருக்கிறது என்று பொய் சொல்லி ஆட்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே வைத்து, மூழ்கிய கப்பலில் எடுத்தது என்று போலி நாணயம் விற்கிறார்கள். கனடாவிலிருந்து வந்திருந்த என் சித்தப்பாவிடம் இரண்டு நாணயத்துக்கு 36,000 ரூபா வாங்கினார்கள்.

சித்தப்பா இளமையில் கப்பலில் வேலை பார்த்தவர். காலியில் அவர் பார்க்க ஆசைப்பட்டது அந்த நூதனசாலை ஒன்றைத்தான். பஸ் நிலையத்திலிருந்து நடந்து மணிக்கூட்டுப் பக்கமுள்ள பெரிய வாயிலால் உள்ளே போனோம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் நல்ல தமிழில் பேசிக்கொண்டு வந்தார். “ஐயா, மியூசியம் இண்டைக்குப் பூட்டு, திருத்த வேலை நடக்குது. கப்பல் சாமான் எல்லாம் இப்ப வேற இடத்தில வச்சிருக்கினம்” என்றார். ஓட்டோவும் தயாராக நின்றது, காசும் வேண்டாம் என்றார்.

இறங்கிய இடம் ஒரு இரத்தினக்கல் கடை. பின்னறையில் கண்ணாடிப் பெட்டிகள், துருப்பிடித்த ஆணிகள், உடைந்த பீங்கான், ஒரு நங்கூரம். சுவரில் பழைய கப்பல் படங்கள். அரைகுறை வெளிச்சத்தில் உண்மையான நூதனசாலை போலவே இருந்தது. காலியின் மும்மொழிக் கல்வெட்டின் படமும் ஒன்று மாட்டியிருந்தது. அதில் இருப்பது சீனம், அரபு, சிங்களம் என்று அந்த மனுஷன் விளக்கம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். 1409 என்று தேதியிட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நாட்டிய கல் அது. அதில் இருப்பவை சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்ப் பகுதி, தெவிநுவரக் கோயில் தெய்வமான தெனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. 1911 இல் காலியில் கண்டெடுத்த அந்தக் கல் இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

பிறகுதான் நாணயங்கள் வெளியே வந்தன. ‘அவொண்ட்ஸ்டர்’ என்ற டச்சுக் கப்பலில் சுழியோடிகள் எடுத்தவையாம். பச்சை படிந்த செம்பு, ஒரு பக்கம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரை, கீழே வருஷம். கப்பல்காரர் ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சித்தப்பா பேரம்கூடப் பேசாமல் வாங்கினார்.

கடையிலிருந்து திரும்பி நடக்கும்போது பழைய வாயில் பக்கம் போனோம். உட்பக்கம் 1669 என்று பொறித்த கம்பெனிச் சின்னம் இருக்கிற அதே வாயில். அதை ஒட்டிய நீண்ட டச்சுப் பண்டகசாலைதான் நூதனசாலை. கதவு திறந்திருந்தது! திருத்த வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை. மூடுவதற்குக் கொஞ்ச நேரமே இருந்ததால் ஓடி ஓடித்தான் பார்த்தோம்.

உள்ளே அவொண்ட்ஸ்டரின் கதை இருந்தது. ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பழைய கப்பல் அது. 1659 இல் காலித் துறைமுகத்தில் நங்கூரம் நழுவிக் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கியது. சித்தப்பா அந்த வருஷத்தைப் பார்த்தார், பைக்குள் கைவிட்டு நாணயங்களை எடுத்தார். ஒன்றில் 1744, மற்றதில் 1790.

1659 இல் மூழ்கிய கப்பலில் 1744 ஆம் வருஷத்து நாணயம் எப்படி இருக்கும்? வி.ஓ.சி. முத்திரை போட்ட அந்தச் செப்புக் காசுகளையே 1726 இலிருந்துதான் அடிக்கத் தொடங்கினார்கள். வெளிச்சத்தில் பார்த்தால் விளிம்பைச் சுற்றி, வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடும் தெரிந்தது. உண்மையான காசு அச்சால் அடித்தது, அப்படி ஒரு கோடு வராது. இது வார்த்தெடுத்தது. அசல் காசே தேய்ந்த நிலையில் வெளிநாட்டில் சில டொலருக்குக் கிடைக்கும், அவ்வளவு ஏராளமாக அடித்திருக்கிறார்கள்.

கடைக்குத் திரும்பிப் போனோம். காசைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். பற்றுச்சீட்டைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் ‘நினைவுப் பொருள் 2’ என்று மட்டும் எழுதியிருந்தது. கப்பல் என்றோ, பழைய நாணயம் என்றோ ஒரு சொல் இல்லை. கூட்டிவந்தவரைத் தங்களுக்குத் தெரியவே தெரியாது என்றும் சொன்னார்கள். சுற்றுலாப் பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். சித்தப்பா பயணம் போகும்வரை பணம் திரும்பி வரவில்லை.

பணத்தைவிட என்னைச் சுடுவது வேறொன்று. அவொண்ட்ஸ்டரைத் தோண்டியவர்கள் எடுத்த ஒவ்வொரு பொருளையும் உப்பு நீங்க நன்னீரில் ஊறவைத்துப் பல காலம் பாதுகாத்தார்கள். 2004 சுனாமி அவர்களுடைய ஆய்வுகூடத்தையே அடித்துக்கொண்டு போனது, எடுத்த பொருட்களில் நிறையவும் போய்விட்டன. மிஞ்சியவற்றின் பெயரைச் சொல்லித்தான் இந்தக் கூட்டம் பிழைக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2 க்கு முந்திய தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. ஆகவே அந்த நாணயம் உண்மையென்றால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடிபடுவீர்கள், பொய்யென்றால் ஏமாந்தவர் நீங்கள். விற்றவருக்கு இது நன்றாகத் தெரியும். “பைக்குள்ள போடுங்கோ, ஒருத்தரும் பாக்க மாட்டினம்” என்று அவரே சொன்னார்.

பூட்டியிருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கோட்டை சின்னது, கதவு வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள். டிக்கெட்டை உள்ளே இருக்கிற கவுண்டரில் மட்டும் எடுங்கள். உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு, அதைக் குறைத்து எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவரையும் விட்டு விலகுங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை கொடுத்த அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் படியுங்கள், எங்களிடம் வந்தவரின் அட்டையில் வெறும் படமும் ‘கைட்’ என்ற சொல்லும்தான் இருந்தன. ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் காலியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முறைப்பாடு செய்யுங்கள். பொருளையும் பற்றுச்சீட்டையும் படம் எடுத்து வையுங்கள், கடை வாசலையும் சேர்த்து.